'கேக்குதுங்க' என்று சொன்னவர்கள்

கையில் கேள்வித்தாளோடு நாளைக் காலை முதல் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறீர்கள். பயம் வேண்டாம், கதவு திறக்கும். எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் முன்பின் தெரியாதவர் வந்து நின்றாலும் "வாங்க, உக்காருங்க" என்பார்கள், மோர் கொடுப்பார்கள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். உங்களுக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தத் தலையாட்டலில்தான் நீங்கள் வழுக்கி விழப்போகிறீர்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது அறுபதுகளில். மிஷன் பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்திருந்தேன். இங்கிலீஷ் கொஞ்சம் வரும், வாய் நிறைய வரும். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். அவர்கள் புத்தகத் தமிழில் கேட்பதை ஊர்த் தமிழில் கேட்டு, வருகிற பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குக் கள உதவியாளர் என்று பெயர் இருப்பதே பிற்பாடுதான் தெரிந்தது. என் அம்மா கடைசிவரை, "எங்க புள்ளைக்குப் படிச்சவங்க கூட ஊர் சுத்தற சோலிங்க" என்றுதான் விசாரித்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்கிறேன். பெருமாநல்லூர் போகிற வழியில் ஒரு பொதுக் கிணறு இருந்தது. படிக்கட்டு வைத்த பழைய கிணறு. அங்கே என்னை முதலில் அழைத்துப் போனவர் தண்ணீரை ஆராய்கிறவர். ஒரு புட்டியில் மொண்டு, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு, பூமிக்கு அடியில் உப்பு எந்தத் திசையில் நகர்கிறது என்று எனக்கு விளக்கினார். உப்பு நகரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அடுத்து வந்தவர் கல்வெட்டுப் படிப்பவர். படிக்கல்லில் வயிறு ஒட்டப் படுத்துக்கொண்டு, பாசியைத் தென்னை நாரால் தேய்த்துத் தேய்த்து எடுத்து, அடியில் இருந்த எழுத்துகளை விரலால் தடவித் தடவி வாசித்தார். அந்தக் கிணற்றை வெட்டியவர் மனைவியின் பெயர் அந்தக் கல்லில் இருந்தது. எத்தனையோ நூறு வருடம் அந்தப் பெயரின் மேல் கால் வைத்துத்தான் ஊரே தண்ணீர் எடுத்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

மூன்றாவதாக ஓர் அம்மையார் வந்தார். அவருக்குத் தண்ணீரும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம். பாசிதான் வேண்டும். கிணற்றுப் பாசியில் எத்தனை வகை என்பது அவருடைய ஆராய்ச்சி. சுத்தமாகத் தேய்த்து வைத்திருந்த படிக்கல்லைப் பார்த்துவிட்டு, "எந்தப் படுபாவி செஞ்ச வேலை இது?" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தப் படுபாவிக்கு நார் பொறுக்கிக் கொடுத்தவள் நான்தான் என்று வாயைத் திறப்பேனா?

தண்ணீர் சேந்த வந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏனுங்க அம்முணி, அந்தக் கெணத்துக்குள்ள அப்படி என்னதான் இருக்குது? ஆளாளுக்கு வந்து எட்டிப் பாக்கறாங்க?" நான் பிறந்ததிலிருந்து பார்த்த கிணறு அது. அதற்குள் இத்தனை பேருக்கு இத்தனை உலகம் இருப்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

நான்காவதாக வந்தவர்தான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மொழியியல் படிப்பவர். எங்கள் பேச்சில் வருகிற 'ங்க' என்ற இரண்டெழுத்து வாலை ஆராய்வதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தார். ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. தையல் மிஷின் கனத்தில் ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக அலைவார். அவர் பேச்சு எங்கள் ஆட்களுக்குப் பாதி புரியாது. அதனால் கேள்வியை நான்தான் கேட்பேன்.

ஒருநாள் சந்தையில் நிலக்கடலை விற்கிற அம்மா ஒருத்தரை உட்கார வைத்தோம்.

"நீங்க கோயமுத்தூருக்குப் போயிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க."

"எப்பப் போனீங்க?"

"நானெங்கீங்க போனேன், போனதே இல்லீங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. என்ன மனுஷி இவர், ஒரே மூச்சில் இரண்டு பேச்சு என்று நினைத்தேன். ஆனால் மொழியியல்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பூரிப்பில் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். நாடாவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு அந்த ஓர் 'ஆமாங்க'வைக் கேட்டார். சாயந்தரம் மெஸ்ஸில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். "அந்தம்மா பொய் சொல்லல கேட்டியா. உன் கேள்வி என் காதுல விழுந்தாச்சுன்னு மட்டும்தான் சொன்னாங்க. அது பதிலே இல்ல. வந்த ஆளுக்கு நாற்காலி எடுத்துப் போடுற மாதிரி. பதில் அடுத்தாப்ல வரும். நாமதான் முதல் வார்த்தையிலேயே எழுதிட்டு எழும்பிப் போயிருதோம்."

நான் பிறந்த நாளிலிருந்து பேசுகிற வார்த்தை அது. நாகர்கோவில்காரர் ஒருவர் வந்து அதைப் பிரித்துக் காட்டியபோது, என் வாய்க்குள் இருப்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறதே என்று மலைத்துப் போனேன். அதற்கப்புறம் எந்த ஆராய்ச்சியைப் பார்த்தும் நான் சிரித்ததில்லை. உங்களில் யாராவது, 'இதைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது' என்று முணுமுணுப்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என்ன ஆனது என்பதையும் கேளுங்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெண் டாக்டர் மேல்படிப்பு ஆராய்ச்சிக்காக வந்தார். காது டாக்டர். சிரிக்காத முகம், அளந்த பேச்சு. விசைத்தறிச் சத்தம் காதை என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. தறி ஓடுகிற இடத்துக்குள் நீங்கள் போயிருந்தால் தெரியும், பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அங்கே காலையில் முருகன் படத்துக்குப் பூப் போட்டுவிட்டு நிற்கிற ஆட்கள், பொழுது சாயும்வரை அந்தச் சத்தத்துக்குள்ளேயே நிற்பார்கள்.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருந்த ஆரம்பப் பள்ளியில் ஓர் அறையைக் கேட்டு வாங்கினோம். ஜன்னல்களில் கோணிச்சாக்கையும் ஜமக்காளத்தையும் தொங்கவிட்டு வெளிச் சத்தத்தை அடைத்தோம். ரேடியோப் பெட்டி அளவில் ஒரு கருவி. காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக அனுப்புவார் டாக்டர். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஒரு தறிக் கம்பெனி முதலாளி பெரிய மனசு பண்ணி, தினம் சில ஆட்களுக்கு லீவு கொடுத்து ஒவ்வொருவராக அனுப்பிவைத்தார். தானும் ஒரு காலத்தில் தறியில் நின்று மேலே வந்தவர் அவர்.

வந்தவர்கள் எல்லோரும் விரலைத் தூக்கினார்கள். எந்த ஓசைக்கும் தூக்கினார்கள். "கேக்குதுங்களா?" என்று நான் கேட்டால், "நல்லாக் கேக்குதுங்க" என்றார்கள். பிறந்த குழந்தையின் காதுபோல இருக்கிறது என்று முதல் நாள் டாக்டரம்மா ஆச்சரியப்பட்டார். இரண்டாவது வாரம் அவர் முகம் இருண்டுவிட்டது. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"என் படிப்பு போனால் போகட்டும்" என்றார். "இதை அப்படியே எழுதிக் கொடுத்தால் தறிச் சத்தத்தால் காதுக்கு ஒன்றும் ஆகாது என்று அச்சில் ஏறிவிடும். அப்புறம் இவர்களுக்காக ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது."

அவர் அதைச் சொன்ன நேரத்தில் என் மண்டைக்குள் நிலக்கடலைக்காரம்மா வந்து உட்கார்ந்தார். வந்தவர்கள் விரலைத் தூக்கிய விதம் ஞாபகத்துக்கு வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்ததும் விரல் எழும். ஓசை வந்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்கவில்லை. மொழியியல்காரர் சொன்னதை அவரிடம் அப்படியே ஒப்பித்தேன். காது டாக்டருக்குச் சந்தைப் பேச்சைப் பற்றிப் பாடம் எடுக்கிறோமே, திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் திட்டவில்லை. கருவியை அணைத்தார். ஹெட்போனின் வயரையே பிடுங்கி மேசையில் போட்டார். அடுத்த ஆளை வரச் சொன்னார்.

வந்தவர் ஆறுமுகம் அண்ணன். மீசை வைக்கும் முன்பே தறிக்கு வந்தவர், தங்கமான மனிதர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மடியில் கையை வைத்துப் பவ்யமாக உட்கார்ந்தார். டாக்டரம்மா செத்துக் கிடந்த கருவியின் திருகைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார். விரல் எழுந்தது.

"கேக்குதுங்களா அண்ணா?" என்று வழக்கம்போலச் சத்தமாகவே கேட்டேன்.

"கேக்குதுங்க."

"எப்படிக் கேக்குதுங்க?"

"தேனாட்டம் இருக்குதுங்க."

டாக்டரம்மா வயரைத் தூக்கிக் காட்டினார். அண்ணன் வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க சாமி. நீங்க எங்களுக்கோசரம் பட்டணத்துல இருந்து வந்து வேகாத வெயில்ல உக்காந்திருக்கீங்க. கேக்கலைன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்களா?"

அன்றைக்குத்தான் டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்ததைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் பெரிய வேலை. நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டார், அவர் முகம் தெரியக் கூடாது என்று. இடையிடையே ஓசையே அனுப்பாமல் சும்மா விட்டார். என்னைக் கேள்வியே கேட்க வேண்டாம் என்றார். வருகிறவர்களிடம் முன்கூட்டியே இப்படிச் சொல்லச் சொன்னார்: "கேக்காத நேரத்துல விரலைத் தூக்காம இருந்தீங்கன்னா, அதுதான் நீங்க டாக்டரம்மாவுக்குச் செய்யற உபகாரமுங்க." மரியாதைக்காகப் பொய் சொன்னவர்களை அந்த மரியாதையைக் கொண்டே நிஜம் சொல்ல வைத்துவிட்டார். நான் திகைத்துப் போனேன். ஒருவருடைய சந்தைப் பேச்சு ஆராய்ச்சி, அவர் பெயரே தெரியாத இன்னொருவருடைய காது ஆராய்ச்சிக்குக் கதவு திறந்துவிட்டதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் மடியிலேயே கிடந்தன. கீச்சு ஓசைகள் வந்து வந்து போயின, கிடந்த விரல் கிடந்தபடி. ஆறுமுகம் அண்ணனுக்கு மற்றவர்களைவிட மோசம். சோதனை முடிந்ததும் அவர் போகாமல் வேப்பமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தார்.

"அம்முணி, எழுதீட்டாங்களா?"

"எழுதீட்டாங்கண்ணா."

"மொதலாளி பாத்தா என்னை நிறுத்திப்போடுவாருங்க. நூலு அறுந்தா தறிச் சத்தம் மாறுமில்லீங்களா, அது கேக்காதவனைத் தறியில உட மாட்டாங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டு நெம்ப நாளாச்சு. தறி மேல கையை வெச்சு அதோட நடுக்கத்துலதான் பாத்துக்கறேன். எனக்கு வேற தொழில் தெரியாதுங்க."

தேனாட்டம் இருக்கிறது என்று அவர் சொன்னதில் மரியாதை பாதி, பயம் பாதி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே இருந்த மரியாதையை மொழியியல்காரர் எனக்குக் காட்டியிருந்தார். அடியில் இருந்ததை வேப்பமரத்தடியில்தான் கண்டேன். பிள்ளைகளே, உங்களுக்கு வருகிற பதிலுக்கு அடியிலும் யாருடைய சோறாவது இருக்கும். மறந்துவிடாதீர்கள்.

மறுநாள் முதலாளியே நேரில் வந்தார். தூக்குப்போசியில் காப்பி கொண்டுவந்தார், தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். டாக்டரம்மா உள்ளே இருந்தார். என்னிடம் குரலைத் தணித்து, "கண்ணு, யாராருக்குக் காது பழுதுன்னு எனக்கு மட்டும் சொல்லு. நான் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன். தெரிஞ்சு வெச்சுக்கறதுக்குத்தான்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"நம்ம ஆறுமுகத்துக்கு எப்படி?"

"ஆமாங்க."

"கேக்குதா, கேக்கலையா?"

"ஆமாங்க."

நான் வேண்டுமென்றே செய்தேன். எனக்கு அப்போது தெரிந்த ஒரே ஆயுதம் அதுதான். அவர் என்னை உற்றுப் பார்த்தார். எங்கள் ஊர்க்காரருக்கு எங்கள் ஊர் 'ஆமாங்க' புரியாமல் போகுமா? காப்பிப் போசியை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனார்.

"டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. என்னோட கம்பெனி ஆளுங்க, என்ற கம்பெனி லீவு. யாருக்குக் காது பழுதுன்னு எனக்குச் சொல்லக் கூடாதுன்னா நாளையில இருந்து ஆள் வராதுங்க."

இன்னும் பாதி ஆட்களுக்குச் சோதனை செய்யவில்லை. பெயரைச் சொன்னால் ஆறுமுகம் அண்ணன் தெருவில் நிற்பார். சொல்லாவிட்டால் ஆராய்ச்சி தெருவில் நிற்கும். டாக்டரம்மா கோபப்படவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியைக் காட்டி, "நீங்களும் தறியில் நின்றவர்தானே? முதலில் நீங்கள் உட்காருங்கள்" என்றார்.

முதலாளி வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். நான் ஹெட்போனை மாட்டிவிட்டேன். டாக்டரம்மா திருகைத் திருப்பினார். விரல் அசையவில்லை. இன்னும் திருப்பினார். நான் பக்கவாட்டில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் முகம் அது. இன்னும் திருப்பினார். ஹெட்போனிலிருந்து கசிந்த கீச்சுச் சத்தம் தள்ளி நின்ற எனக்கே லேசாகக் கேட்க ஆரம்பித்தது.

முதலாளி சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

அவர் என்னை மிரட்ட வந்தவர் என்பதே மறந்துபோனது. டாக்டரம்மா அவர் முன்னால் போய் உட்கார்ந்து, நடந்ததை நிதானமாகச் சொன்னார். முதலாளி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் பேசினால் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சண்டை, பணத் திமிர் என்று சொந்தபந்தம், உறம்பரை எல்லாம் பேசுகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். பிறகு எழுந்து தோள்துண்டைச் சரி செய்துகொண்டார்.

"யாரோட பேரும் எனக்கு வேண்டாமுங்க. என்ற பேரையும் எழுதாதீங்க."

ஆட்கள் தொடர்ந்து வந்தார்கள். ஒருத்தரையும் அவர் நிறுத்தவில்லை. தறியில் நிற்கும்போது காதில் வைத்துக்கொள்ள மெழுகு தோய்த்த பஞ்சு கொடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னபோது, மறு பேச்சில்லாமல் சரியென்றார். தானும் வைத்துக்கொண்டார்.

கடைசி நாள், கருவியைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. ஆறுமுகம் அண்ணன் பஞ்சு வாங்கிக்கொள்ள வந்தார். டாக்டரம்மா அவரை எதிரில் உட்கார வைத்து, உதடு தெரியும்படி மெதுவாக, சத்தமாகச் சொன்னார். கட்டைக் குரல் இனியும் கேட்கும். போயிருப்பது கீச்சு ஓசைகள். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மங்கும். சில்வண்டுச் சத்தம் போன்றவை சுத்தமாகக் கேட்காது. போனது திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அண்ணன் ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"சில்வண்டுங்களா? அதுகதான் இந்த ஊரை உட்டே போயிருச்சுங்களே. தறிச் சத்தம் தாங்காம எல்லாம் மலைப் பக்கம் போயிருச்சுன்னு என்ற பசங்களுக்குக்கூடச் சொல்லியிருக்கறேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஜமக்காளம் எடுத்துவிட்ட ஜன்னலுக்கு வெளியே, நனைந்த கிளுவை வேலி முழுக்கச் சில்வண்டுகள் காதைத் துளைத்துக்கொண்டிருந்தன.

"இருக்குதுங்கண்ணா" என்றேன். "இப்பக்கூடக் கத்தீட்டு இருக்குதுங்க."

"இப்பவுங்களா?"

"இப்பத்தானுங்க. அந்த வேலியில."

அவர் எழுந்து வெளியே போனார். செருப்பைக்கூடப் போடாமல் சேற்றில் நடந்து, வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று தலையைச் சாய்த்தார். ஒரு பக்கம் சாய்த்தார், மறு பக்கமும் சாய்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எங்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"கேக்கலீங்க."